வட்டம், வாயில், வாய்தா: செய்த வேலைக்குரிய நிலுவை மீட்பின் வரலாறு

முன்னுரை

இந்தியச் சமூக வரலாற்றில் கடன் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கடன் கொடுத்தவரைச் செல்வராகவும் கடன் பட்டவரை வறியவராகவும் கொண்டே அமைந்துள்ளன. வட்டி, அடகு, ஒற்றி, லேவாதேவி ஆகியவை பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. இதற்கு நேர்மாறான கடன் ஒன்றும் உண்டு. வேலையை முதலில் செய்து முடித்துவிட்டு, அதற்குரிய பணத்தைப் பின்னர் பெற வேண்டிய நிலையில் இருப்பவருக்கு வரவேண்டிய கடன் அது. வீடு கட்டித்தரும் கொத்தனார், கதவும் சன்னலும் செய்து பொருத்தும் தச்சர், வண்ணம் பூசுபவர், மின்கம்பி இழுப்பவர், சிறு அச்சகத்தார் ஆகியோர் இவ்வகையினர். இவர்கள் சட்டத்தின் பார்வையில் கடன் கொடுத்தவர்கள். நடைமுறையில் கடன் பட்டவரை விட எளியவர்கள்.

இக்கடனுக்கு இரு சிறப்பியல்புகள் உள்ளன. முதலாவது, இதற்கு அடகுப் பொருள் இல்லை. எழுப்பிய சுவரும் பதித்த தளமும் அடுத்தவரின் வீட்டோடு ஒன்றாகிவிடுகின்றன. அவற்றைத் திரும்ப எடுத்துச் செல்ல இயலாது. இரண்டாவது, சிறு ஒப்பந்தக்காரர் தனக்கு வரவேண்டிய பணத்திற்காகக் காத்திருக்க நேர்ந்தாலும், அவரிடம் வேலை செய்யும் சித்தாளும் கையாளும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. வாரக்கூலியைச் சனிக்கிழமையன்று கொடுத்தாக வேண்டும். மணல், செங்கல், சிமெண்டு கடைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எனவே இவரைப் பொறுத்தவரை பணம் வராமற்போவதற்கும் காலந்தாழ்ந்து வருவதற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

'தரமாட்டேன்' என்று மறுப்பவரை விட 'நாளை தருகிறேன்' என்று சொல்பவரே இக்கடனின் வரலாற்றில் மிகுதியாகக் காணப்படுகிறார். அவருடைய காலந்தாழ்த்தலை இந்தியச் சமூகம் எவ்வெம்முறைகளால் கட்டுப்படுத்த முயன்றது, அம்முறைகளில் எவை சிறு வேலைக்காரருக்குப் பயன்பட்டன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களின் சான்று

'கடன்' என்னும் சொல் பழந்தமிழில் கடமை என்னும் பொருளிலும் வழங்கியது. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312-ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளை இச்சொல்லாலேயே வரிசைப்படுத்துகிறது. திருப்பிச் செலுத்த வேண்டிய பொருளும் செய்ய வேண்டிய செயலும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டமை எண்ணத்தக்கது. 'கூலி' என்னும் சொல் உழைப்பின் பயன் என்னும் பொருளில் திருக்குறளின் 619-ஆம் குறளில் ஆளப்பட்டுள்ளது.

ஆயினும், வரவேண்டிய பணத்தைப் பெறும் செயலைக் குறிக்கும் இன்றைய பேச்சுச் சொற்களில் பல அரபு, பாரசீக மொழிகளிலிருந்து ஆட்சிமொழி வாயிலாகத் தமிழுக்கு வந்தவை. 'பாக்கி' என்பது எஞ்சியது என்னும் பொருளுடைய அரபுச் சொல். 'வசூல்' என்பதற்கு மூலமொழியில் வந்துசேர்தல் என்பதே பொருள். 'ரசீது' என்னும் பாரசீகச் சொல்லும் வந்துசேர்ந்தது என்னும் பொருளுடையதே. ஜாமீன், ஜப்தி, அமீனா ஆகியனவும் இவ்வகையின. வரித்தண்டல், நீதிமன்றம் ஆகிய அரசு அலுவல்களின் சொற்கள் கொத்தனாரின் அன்றாடப் பேச்சில் கலந்துள்ளன.

இவற்றுள் 'வாய்தா' என்னும் சொல் இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. வாக்குறுதி என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்த இது, தமிழில் வரி செலுத்துவதற்குரிய தவணையைக் குறித்தது. பின்னர் நீதிமன்றத்தில் வழக்கு ஒத்திவைக்கப்படும் நாளையும் குறித்தது. கடன் பட்டவர் சொல்லும் 'அடுத்த வாரம் தருகிறேன்' என்பதும் வாய்தாவே. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவருக்கு நீதிமன்றம் தருவதும் வாய்தாவே. காலந்தாழ்த்தல் வீட்டு வாசலிலிருந்து நீதிமன்றத்திற்கு இடம் மாறிய வரலாற்றை இச்சொல்லின் பொருள்மாற்றம் தன்னுள் கொண்டிருக்கிறது.

2. பழைய சட்டநூல்களில் காலத்தாழ்வு

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் வேலைக்கும் கூலிக்கும் உள்ள உறவைத் தெளிவாக வரையறுக்கும் பழைய நூல்களுள் ஒன்று. அதன் மூன்றாம் அதிகரணம், கூலியைப் பேசி முடிக்காமல் வேலை செய்த கைவினைஞருக்கு அவரை ஒத்த பிறர் பெறும் கூலியையோ துறை வல்லுநர் மதிப்பிடும் கூலியையோ தரவேண்டும் என்கிறது. வழக்கு எழுந்தால் சாட்சிகளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். சாட்சிகள் இல்லாதவிடத்து வேலை நடந்த இடத்தில் விசாரிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. செய்த வேலையே தனக்குச் சான்றாகும் என்னும் கருத்து இங்கு உள்ளது. எழுத்தில்லாமல் வேலை செய்பவருக்கு இதைவிடப் பயன்தரும் விதி வேறில்லை.

எனினும் தண்டங்களை ஒப்பிடும்போது வேறொரு செய்தி புலனாகிறது. கூலி கொடாதவனுக்குத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 6 பணம் தண்டம் என்று மூன்றாம் அதிகரணம் கூறுகிறது. நான்காம் அதிகரணத்தின் முதல் இயலோ, குறித்த காலத்தில் வேலையை முடிக்காத கைவினைஞனுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்து, அதைப்போல் இருமடங்கு தண்டமும் விதிக்கிறது. அந்த அதிகரணம் சமூகத்தின் முட்களைக் களைவது பற்றியது. கைவினைஞரிடமிருந்து மக்களைக் காப்பதே அவ்வியலின் பொருள். வேலை தாழ்ந்தால் பெருந்தண்டமும் பணம் தாழ்ந்தால் சிறுதண்டமும் என்னும் இந்த ஏற்றத்தாழ்வு பிற்காலத்திலும் வேறு வடிவில் தொடர்வதைப் பின்னர்க் காணலாம்.

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் கடனை மீட்கும் வழிகள் ஐந்தெனக் கூறுகிறது. அவை அறவழி, வழக்கு, தந்திரம், ஆசரிதம் எனப்படும் வழக்காறு, வலிமை என்பன. கடன் கொடுத்தவர் தாமே தம் பொருளை மீட்டுக்கொண்டால் அரசன் அவரைக் குற்றம் கூறலாகாது என்றும் அந்நூல் கூறுகிறது. நான்காவதாகிய ஆசரிதம் என்பதற்குக் கடன் பட்டவரின் மனைவி மக்களையும் கால்நடைகளையும் தடுத்துவைத்து அவர் வாயிலில் அமர்தல் எனப் பிருகஸ்பதி விளக்கம் தருகிறார். அரசின் முறைமன்றத்திற்கு வெளியே கடன் மீட்பிற்கு ஏற்புடைய வழிகள் இருந்தன என்பதை இவ்வைந்தும் காட்டுகின்றன.

3. வட்டம்

இவ்வழிகளுள் ஒன்றை நேரிற் கண்டு எழுதியவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட மாபார் நாட்டைப் பற்றி அவர் தரும் குறிப்பு கடன் மீட்பு வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. கடன் கொடுத்தவர் பலமுறை கேட்டும் கடன் பட்டவர் நாள்தோறும் வாக்குறுதி தந்து தட்டிக்கழித்து வந்தால், கடன் கொடுத்தவர் அவரை எதிர்ப்படும் இடத்தில் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரையலாம். கடனைச் செலுத்தாமலோ அதற்குப் பிணை தராமலோ அவர் வட்டத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் மரண தண்டனைக்கு உரியவராவார்.

இதனைத் தொடர்ந்து மார்க்கோ போலோ ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அந்நாட்டு அரசன் அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் தரவேண்டியிருந்தது. வணிகர் பலமுறை கேட்டும் அரசன் தவணை சொல்லிவந்தான். ஒருநாள் அரசன் குதிரைமீது நகரில் சென்றபோது வணிகர் அரசனையும் குதிரையையும் சுற்றி வட்டம் வரைந்துவிட்டார். அரசன் அங்கேயே நின்றான். வணிகருக்கு உரியது கிடைக்கும்வரை அவ்விடத்தை விட்டு நகரவில்லை. கண்டவர் அரசனின் நீதியை வியந்தனர்.

இக்குறிப்பில் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கன. வட்டம் முதல் கேட்பிலேயே வரையப்படுவதில்லை; பலமுறை கேட்டு, பலமுறை வாக்குறுதி பெற்ற பின்னரே வரையப்படுகிறது. அதாவது கடன் இருப்பதற்காக அன்றி, காலந்தாழ்த்தியதற்காகவே இம்முறை பயன்பட்டது. வட்டம் வரைவதற்குப் பணமோ எழுத்தறிவோ படைவலிமையோ தேவையில்லை, எளியவரும் வரையலாம். மேலும், அது கடன் பட்டவரின் காலத்தைப் பறித்தது. அதுவரை காத்திருந்தவர் கடன் கொடுத்தவர்; வட்டத்திற்குப் பின் காத்திருக்க வேண்டியவர் கடன் பட்டவர்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளிக்கோட்டைக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமாவும் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அங்குக் கடன் கொடுத்தவர் பசுங்கிளை ஒன்றால் வட்டம் வரைந்து, அந்தணர் தலைவர் பெயராலும் அரசன் பெயராலும் மும்முறை ஆணையிடுகிறார். 1727-இல் வெளிவந்த அலெக்சாண்டர் ஆமில்டனின் நூல், மலபார்க் கரையில் நீதிபதி அனுப்பும் ஆள் சிறு கோலுடன் வந்து வட்டம் வரைவதாகக் கூறுகிறது. முதற்குறிப்பில் கடன் கொடுத்தவர் தாமே வரைகிறார். இரண்டாவதில் அதிகாரத்தின் பெயரைச் சொல்லி வரைகிறார். மூன்றாவதில் அதிகாரத்தின் ஆள் வரைகிறார். இக்குறிப்புகள் வெவ்வேறு இடங்களைப் பற்றியவை ஆதலின், இவற்றை ஒரே வழக்கத்தின் வளர்ச்சிப் படிகள் என உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் எளியவரின் கையிலிருந்த கோல் நீதிபதியின் ஆளிடம் சென்ற திசையை இவை காட்டுகின்றன எனலாம்.

4. ஆவணம்

வட்டத்திற்கு இணையாக எழுத்தும் கடன் மீட்பில் இடம் பெற்றிருந்தது. அதன் முறைகளைத் தமிழ் இலக்கியத்தில் மிக விரிவாகக் காட்டுவது பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம். அங்கு வழக்கு பணக்கடன் பற்றியதன்று. வழிவழி அடிமை பற்றியது. எனினும் வழக்கு நடைபெறும் முறை 12-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உரிமைக் கோரிக்கை எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது என்பதைச் சேக்கிழார் அறிந்திருந்தமையைப் புலப்படுத்துகிறது.

மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரர் முதியவர் கொணர்ந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. சபையோர் நெடுநாள் வழக்கம், எழுத்தாவணம், நேரிற் கண்டவர் சான்று ஆகிய மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு முதியவரைக் கேட்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் அவர் கூறி அதனைக் காட்டுகிறார். அதிலுள்ள எழுத்து, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்படுகிறது.

கடன் பட்டவர் ஆவணத்தை அழிக்கக்கூடும், ஆகவே மூலம் தனியே காக்கப்பட வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கை இக்கதைப்போக்கில் அடங்கியுள்ளது. ஆனால் இம்முறை எழுத்தறிந்தவருக்கும் ஓலையைத் தலைமுறைகளாகக் காக்க வல்லவருக்கும் உரியது. தச்சருக்கும் கொல்லருக்கும் ஊரார் தந்த ஊதியம் பெரிதும் நிலவுரிமையாக அமைந்தது. கல்வெட்டுகளில் வரும் தச்சக்காணி போன்ற நிலங்கள் இதற்குச் சான்று. தலைமுறைதோறும் நிலைத்த இவ்வூதியத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே பணம் கேட்கும் தேவை எழவில்லை. அந்நில உறவு தளர்ந்து, வேலைக்கு வேலை பணம் பேசும் ஒப்பந்த முறை பரவிய பின்னரே கைவினைஞர் ஆவணத்தின் தேவையை நேரடியாக எதிர்கொண்டனர்.

5. வாயில்

பிருகஸ்பதி குறிப்பிட்ட வாயிலில் அமர்தல் வடஇந்தியாவில் 'தர்ணா' என்னும் பெயரால் 18-ஆம் நூற்றாண்டு வரை வழங்கியது. சர் ஜான் ஷோர் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழின் நான்காம் தொகுதியில் காசிப் பகுதியில் நிகழ்ந்த தர்ணாவை விவரிக்கிறார். அந்தணர் ஒருவர் கடன் பட்டவரின் வாயிலில் நஞ்சோ கத்தியோ கையிற்கொண்டு உண்ணாமல் அமர்வார். அவர் உண்ணாதவரை வீட்டாரும் உண்ணலாகாது. அவர் இறந்துபட்டால் அப்பழி வீட்டாரைச் சேரும். வேறு சாதியினருக்கு வரவேண்டிய கடனுக்காகவும் அந்தணர் அமர்த்தப்பட்டதுண்டு.

1795-ஆம் ஆண்டின் 21-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வாயிலாகக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு காசி மாகாணத்தில் தர்ணாவைத் தடைசெய்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வச் சினத்திற்கு ஆளாவாய் என நம்பவைத்து ஒருவரைச் செயலுக்குத் தூண்டுவதை 508-ஆம் பிரிவில் குற்றமாக்கியது. அதற்கு அச்சட்டம் தந்த முதல் எடுத்துக்காட்டே ஒருவர் மற்றொருவரின் வாயிலில் தர்ணா இருப்பதாகும். 2024 சூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அக்குற்றம் 354-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது.

சர் ஹென்றி மெயின் 1875-இல் வெளிவந்த தம் நூலில் தர்ணாவைப் பண்டைய அயர்லாந்துச் சட்டத்தில் கடன் பட்டவரின் வாயிலில் உண்ணாநோன்பு இருக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டார். நீதிமன்றம் வலுப்பெறாத சமூகங்களில், வலியவரை வழிக்குக் கொண்டுவர எளியவர் தம் உடலையே பயன்படுத்தினர் என்பது அவ்வொப்பீட்டிலிருந்து பெறப்படும்.

தர்ணாவில் கொடுமை இருந்தது என்பதில் ஐயமில்லை. சாதி மேன்மையும் தற்கொலை அச்சமும் அதன் ஆற்றலுக்கு அடிப்படையாக இருந்தன. அந்தணரல்லாதார் பிறரை அமர்த்த வேண்டியிருந்தது. எனவே அதை எளியவரின் கருவி என முழுமையாகப் போற்ற இயலாது. எனினும் அதன் தடை, நிலுவைக்காரர் தாமே காலந்தாழ்த்தலை முடிவுக்குக் கொண்டுவரும் வழியை அடைத்தது. இனி அவர் செல்ல வேண்டிய இடம் நீதிமன்றம் ஒன்றே ஆயிற்று.

6. நீதிமன்றமும் கால எல்லையும்

சிறு தொகை வழக்குகளை விரைந்து முடிக்க 1850-இல் மாகாணத் தலைநகரங்களில் சிறுவழக்கு நீதிமன்றங்களுக்கு வழி செய்யப்பட்டது. 1882, 1887-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அம்முறையைத் தலைநகரங்களிலும் பிற ஊர்களிலும் ஒழுங்குபடுத்தின. ஆங்கிலேயச் சட்டமுறை சிறு நிலுவைக்காரரை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

இக்காலச் சட்டங்களுள் சிறு ஒப்பந்தக்காரருக்கு மிக நெருக்கமானது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. ஒருவர் மற்றொருவருக்காகச் சட்டத்திற்குட்பட்டு ஒரு செயலைச் செய்து, அதை இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லாதிருந்து, மற்றவர் அதன் பயனைத் துய்த்திருந்தால், பயன் துய்த்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். செய்த வேலையைச் சான்றாகக் கொள்ளும் அர்த்தசாஸ்திரக் கருத்துக்கு இது பெரிதும் ஒத்திருக்கிறது. இவ்வொப்புமை ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூறுவதற்குரியதன்று. ஒரே தேவை இரு காலங்களில் ஒத்த விடையைப் பெற்றது என்றே கொள்ளத்தக்கது.

ஆனால் உரிமையைத் தந்த சட்டமுறையே அதற்கு எல்லையும் வகுத்தது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் உறுப்பின்படி, பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்குரிய தொகையைக் கேட்டு வழக்கிட 3 ஆண்டுகள் உண்டு. அக்காலம் வேலை முடிந்த நாளிலிருந்து தொடங்குகிறது. இறுதியாக வாக்குறுதி தந்த நாளிலிருந்து அன்று. வாய்மொழியாகச் சொல்லும் 'அடுத்த மாதம்' இக்காலத்தை நீட்டிப்பதில்லை. காலம் முடியுமுன் கையொப்பமிட்ட எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, சட்டம் கேட்கும் எழுத்துச் சான்றுடன் ஒரு பகுதியைச் செலுத்தினாலோதான் புதிய கால எல்லை தொடங்கும்.

மார்க்கோ போலோ கண்ட முறையோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். அங்கு வாக்குறுதிகள் பெருகப்பெருக வட்டம் வரையும் உரிமை வலுப்பெற்றது. இங்கு வாக்குறுதிகளை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வழக்கிடும் உரிமை குறைகிறது. அறிமுகமானவரிடம் எழுத்துக் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் சமூகத்தில், நாகரிகம் பார்த்துக் காத்திருப்பவரே இவ்விதியால் இழப்புக்கு உள்ளாகிறார்.

7. ஆராம்பாக் வழக்கு

எழுத்தின் ஆதிக்கமும் செய்த வேலையின் உரிமையும் நேருக்கு நேர் மோதிய வழக்காக மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கைக் குறிப்பிடலாம். வங்கப் பெரும்பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டான 1944-இல், ஊக்ளி மாவட்டத்து ஆராம்பாக்கில் குடிமைப்பொருள் வழங்கல் துறைக்காக அந்நிறுவனம் கட்டுமான வேலைகளைச் செய்தது. அதிகாரிகளின் கேட்பின்படி மண்சாலை, காவலர் அறை, அலுவலகம், சமையலறை, எழுத்தர்க்கான அறை ஆகியவற்றை அமைத்தது. பின்னர்ச் சேமிப்புக் கொட்டகைகளும் கட்டியது. அரசு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது. ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபாய் நிலுவைக்காக வழக்கு எழுந்தது.

வேலை நடக்கவில்லை என்பது அரசின் முதன்மையான வாதமன்று. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் 175(3)-ஆம் பிரிவு, அரசின் ஒப்பந்தங்கள் ஆளுநரின் பெயரால், உரிய அதிகாரம் பெற்றவரால், உரிய முறையில் நிறைவேற்றப்பட வேண்டும் எனக் கூறியது. கட்டச் சொன்ன அதிகாரிகள் அம்முறையைப் பின்பற்றவில்லை. ஆகவே ஒப்பந்தமே இல்லை என்பது அரசின் நிலை. எழுத்து முறைமை தன்னைச் சார்ந்ததாக இருந்தும், அதில் நேர்ந்த குறையை அரசு வேலை செய்தவர் மேல் சுமத்தியது.

கல்கத்தா உயர்நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசின் மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 1961 இறுதியில் தீர்ப்பு வழங்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கஜேந்திரகட்கர், ஒப்பந்தம் செல்லாது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் 70-ஆம் பிரிவின்படி அரசு ஈடு செய்ய வேண்டும் என்றார். தந்ததை மறுக்கவும் திருப்பித் தரவும் அரசுக்கு உரிமை இருந்தது. மறுக்காமல் ஏற்றுப் பயன் துய்த்தபின் ஈடு செய்யும் பொறுப்பு எழுகிறது என்பது அவர் தந்த விளக்கம். பரந்துபட்ட அரசு நிருவாகத்தில் அதிகாரிகள் சிறுசிறு வேலைகளுக்கும் அவசரத் தேவைகளுக்கும் அடிக்கடி ஒப்பந்தம் செய்ய நேர்கிறது என்னும் நடைமுறை உண்மையும் தீர்ப்பில் இடம்பெற்றது.

எழுத்தில்லாத வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய சட்டப் பாதுகாப்புகளுள் ஒன்று இத்தீர்ப்பு. ஆனால் 1944-இல் செய்த வேலைக்கான உரிமை 1961-இல்தான் இறுதியாக உறுதியாயிற்று. உச்சநீதிமன்றம் வரை வழக்காடும் வசதி அந்நிறுவனத்துக்கு இருந்தது. நாட்கூலிக்கு ஆள் வைத்து வேலை செய்யும் கொத்தனாருக்கு 17 ஆண்டுக் காத்திருப்பு வெற்றியாகாது.

8. நாட்களால் வரைந்த வட்டம்

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் சிறு ஒப்பந்தக்காரரின் இருபுறத்தையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்குக் கூலி தரும் பொறுப்பை ஒப்பந்தக்காரர் மேல் வைத்தது. அவர் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்றது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேலையில் குறை கண்ட வாடிக்கையாளருக்குத் தனி மன்றம் தந்தது. லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்சநீதிமன்றம் 1993-இல் வீடு கட்டித்தருவதும் சேவையே எனத் தீர்ப்பளித்தது. தொழிலாளியும் வாடிக்கையாளரும் பாதுகாப்புப் பெற்றது முறையே. அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றவர் தம் பணத்திற்கு இயல்பான உரிமையியல் வழக்கையே நம்ப வேண்டியிருந்தது. அர்த்தசாஸ்திரத் தண்டங்களிற் கண்ட ஏற்றத்தாழ்வு இங்கு வேறு வடிவில் வெளிப்படுகிறது.

இக்குறையை நீக்கும் முதல் முயற்சி 1993-ஆம் ஆண்டில் சிறுதொழில் நிறுவனங்களுக்குத் தாமதமாகத் தரப்படும் தொகைக்கு வட்டி விதித்த சட்டம் ஆகும். அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வந்து, அவ்வாண்டு அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் வகுத்த முறை கீழ்வருமாறு:

அ. பணம் தரும் நாளை இரு தரப்பினரும் எழுத்தில் பேசிக்கொண்டாலும் அது ஏற்புநாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டலாகாது. நாள் பேசப்படாவிட்டால் 15 நாட்களே கெடு.

ஆ. வேலையில் குறை இருப்பின் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் வேலை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இ. கெடு தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிடப்படும்.

ஈ. இசைவு காண்பதற்கும் நடுவர் தீர்ப்புக்கும் மாநில அளவில் வசதிக்குழு உண்டு. அங்கு வரும் முறையீடு 90 நாட்களில் முடிக்கப்பட வேண்டும். குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குநர் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும்.

இவற்றுள் இரண்டாவது விதி தனிக் கவனத்திற்குரியது. பணம் கேட்டபோது மட்டும் 'பூச்சு சரியில்லை, கதவு இறுகுகிறது' எனக் குறை கண்டுபிடிக்கும் பழைய உத்திக்கு அது எல்லை கட்டுகிறது. வாங்குநரின் மௌனம் அவருக்கு எதிரான சான்றாக மாறுகிறது. காத்திருப்பின் செலவைக் கடன் பட்டவர் மேல் மாற்றிய வகையில், இச்சட்டம் பழைய வட்டத்தின் பணியை நாட்களைக் கொண்டு செய்ய முனைகிறது எனலாம்.

2017 அக்டோபரில் 'சமாதான்' இணையதளம் வழியாக முறையீடு தரும் வசதி வந்தது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்னும் விதியைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையைக் கெடுவுக்குள் தராத வணிகர், அதை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என அவ்விதி கூறியது.

எனினும் இவ்வட்டத்தினுள் நுழைவதற்கு ஒரு வாயில் உள்ளது, அது பதிவு. ஒப்பந்தம் செய்த நாளில் பதிவு பெறாதிருந்தவர் பின்னர்ப் பதிவு செய்துகொண்டு அச்சட்டப் பயனைக் கோர முடியாது என்னும் நிலையை உச்சநீதிமன்றம் சில்பி இண்டஸ்டிரீஸ் வழக்கிலும் (2021) மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் (2022) எடுத்துரைத்தது. பொருளும் உழைப்பும் கலந்த கட்டுமான ஒப்பந்தங்கள் இச்சட்டத்தின்கீழ் வருமா என்பதில் உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் ஒன்றுபடவில்லை. ஆகவே வீடு கட்டித்தரும் கொத்தனார், யாருடைய காலத்தாழ்வைக் கருதிச் சட்டம் பிறந்ததோ அவர்களுள் ஒருவராக இருந்தும், அதன் விளிம்பிலேயே நிற்கிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

• செய்த வேலைக்குரிய நிலுவை, வட்டிக்கடனிலிருந்து வேறுபட்டது. இதில் கடன் கொடுத்தவரே எளியவர். காலமே அவருடைய பகை.

• வட்டமும் தர்ணாவும் காலந்தாழ்த்தியவரின் உடலையும் மானத்தையும் கட்டுப்படுத்தின. அவற்றுள் வட்டம் எழுத்தையும் செல்வத்தையும் வேண்டாதது. தர்ணா சாதி மேன்மையைச் சார்ந்தது.

• இவ்வழிகள் மறைந்து நீதிமன்றம் வந்தபோது உரிமையின் ஆற்றல் ஆளிடமிருந்து ஆவணத்திற்கு மாறியது. எழுத்தின்றி நம்பிக்கையின்பேரில் வேலை செய்பவர் அம்மாற்றத்தில் பின்தங்கினார்.

• அர்த்தசாஸ்திரமும் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவும் செய்த வேலையையே உரிமையின் அடிப்படையாகக் கண்டன. ஆயினும் அவ்வுரிமை காலத்தில் கிடைப்பதற்கு 70-ஆம் பிரிவு மட்டும் போதவில்லை என்பதை ஆராம்பாக் வழக்குக் காட்டுகிறது.

• 2006-ஆம் ஆண்டின் சட்டம் காத்திருப்பின் சுமையைக் கடன் பட்டவர் பக்கம் திருப்பியது. பதிவும் எழுத்தும் உடையவருக்கே அப்பயன் கிட்டுகிறது.

எனவே, முன்பணம் பெற்ற நாள், கூடுதலாகச் சொன்ன வேலை, முடித்த நாள், எஞ்சிய தொகை ஆகியவற்றை எழுதி வாடிக்கையாளரின் கையொப்பம் பெறும் ஒரு துண்டுச்சீட்டு, மண்டல் வழக்கின் 17 ஆண்டுகளைச் சில மாதங்களாகச் சுருக்க வல்லது. தமிழாய்வுக்கும் இத்துறை புதிய களமாகும். கொத்தனார்களும் தச்சர்களும் தலைமுறைகளாக வைத்திருக்கும் கணக்கு நோட்டுகளில் அளவுச் சொற்களும் வேலைப் பெயர்களும் நிலுவைக் குறிப்புகளும் நிறைந்துள்ளன. ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த அக்கறையோடு அவற்றையும் தொகுத்தால், கடனின் வரலாற்றை வேலை செய்தவரின் பக்கத்திலிருந்தும் எழுத இயலும்.